பேச்சின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும்: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் மழைநீர் சேகரிப்புக் குழிகளைத் தூர்வாருவது பற்றி நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன். இரண்டு முறையும் விஷயம் ஒன்றுதான், காட்டிய படங்களும் அவையேதான்.

முதல் முறை தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாக விளித்தேன். வாய்ப்புக்கு நன்றி சொன்னேன். தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான கதையிலிருந்து தொடங்கினேன். நாலாவது நிமிடம் பாதிப் பேர் கைபேசிக்குள் போய்விட்டார்கள். நேரம் முடிந்துபோக, “இன்னும் நிறையச் சொல்லலாம், நேரமின்மை காரணமாக இத்துடன் முடித்துக்கொள்கிறேன்” என்று இறங்கினேன். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த வருடம் குழிகள் அப்படியே கிடந்தன.

அடுத்த வருடம் பேச்சின் நடுப்பகுதியை நான் தொடவே இல்லை. முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் மட்டும் புதிதாக எழுதி, நான்கு நாள் பழகினேன். அன்று கூட்டம் கலையும்போது நான்கு பிளாக்கிலிருந்தும் ஆட்கள் பெயர் கொடுத்தார்கள்.

அந்த 12 நிமிடப் பேச்சையே இங்கே உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். கல்லூரி புராஜெக்ட் விளக்கமாக இருந்தாலும், அலுவலகத்தில் மேலதிகாரிகள் முன் பேசுவதாக இருந்தாலும் வேலை இதேதான்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஏன் இவ்வளவு கவனம்? 1962ல் பென்னட் மர்டாக் என்ற உளவியலாளர், சொற்பட்டியல்களைக் கேட்டவர்களிடம் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதச் சொன்னார். முதலில் வந்த சில சொற்களும் கடைசியில் வந்தவையும் அதிகம் நினைவில் நின்றன. நடுவில் வந்தவை அதிகம் உதிர்ந்தன. பேச்சு என்பது சொற்பட்டியலைவிடச் சிக்கலானது, உண்மைதான். ஆனால் மேடையிலிருந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முதல் நிமிடத்தில் எல்லாத் தலையும் நிமிர்ந்திருக்கும், அப்புறம் ஒவ்வொன்றாகக் குனியும். “முடிக்கும் முன்” என்று ஒரு சொல் விழுந்ததும் எல்லாம் திரும்ப நிமிரும். தலை நிமிர்ந்திருக்கும் நேரத்தில் நம்மிடம் சொல்ல நல்ல வாக்கியம் இருக்க வேண்டும்.

படி 1: கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்

எல்லாரும் தொடக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திணறுவார்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாமல் எங்கிருந்து கிளம்புவது? பேச்சு முடிந்து படியிறங்கும்போது கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

என் முதல் பேச்சில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை. “மழைநீர் சேகரிப்பின் அவசியத்தை உணர வேண்டும்” என்றுதான் முடிந்தது. உணர்ந்துவிட்டு அவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். இரண்டாவது முறை நான் எழுதிய வாக்கியம்: “வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு, ஒவ்வொரு பிளாக்குக்கும் ரெண்டு பேர் வாங்க.” நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எத்தனை பேர் என்று இருக்கிறது. இதற்கு ஒருவர் ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோதான் சொல்ல முடியும்.

உங்கள் பேச்சில் செயல் எதுவும் கேட்கவில்லை, தகவல்தான் தருகிறீர்கள் என்றால், “இதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடமோ நண்பரிடமோ சொல்லப்போகும் ஒரு வரி எது” என்று யோசியுங்கள். அந்த வரிதான் உங்கள் கடைசி வாக்கியம்.

படி 2: எதிரே உட்காரப்போவது யார் என்று விசாரியுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று கேள்விகள் போதும். இந்த விஷயத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்? இதனால் அவர்கள் கையை விட்டு எவ்வளவு பணமோ நேரமோ போகிறது? உங்களுக்கு முன்னால் யார் பேசுகிறார்?

மூன்றாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு முன் பேசுபவர் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவது பற்றிப் பேசிவிட்டுப் போனால், அந்தச் சூட்டோடுதான் கூட்டம் உங்களைப் பார்க்கும். அப்போது உங்கள் தொடக்கம் அந்தக் கோபத்திலிருந்து கிளம்புவதே நல்லது: “இப்ப கட்டணத்தைப் பத்திப் பேசினோம். தண்ணி லாரிக்குப் போற பணத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கு.”

படி 3: தொடக்கத்துக்கு ஒரு காட்சியைத் தேடுங்கள்

முதல் வாக்கியத்தைக் கேட்டதும் கண்ணுக்குள் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். கருத்திலிருந்து தொடங்கினால் ஒன்றும் தெரியாது. ஒரு பொருள், ஓர் எண், ஒரு நாள், ஓர் இடம் என்று கைக்கு அகப்படும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

நான் இதைத் தேடிய விதத்தை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் உழைப்பு அதிகம் தேவைப்படுவது இங்கேதான். முதலில் சென்னையின் 2019 கோடையை நினைத்துப் பார்த்தேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்த வருடம். அந்த ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. சென்னையில் அப்போது இருந்தவர்கள் அந்த ரயிலை மறக்க மாட்டார்கள். சரி, காட்சி கிடைத்துவிட்டது. ஆனால் அது நகரத்தின் கதை, எங்கள் கட்டடத்தின் கதையாகவில்லை.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் நான்கு பிளாக்குகளின் மொட்டைமாடிப் பரப்பு மொத்தம் 24,000 சதுர அடி, அதாவது சுமார் 2,230 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பெருக்கினால் 31 லட்சம் லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக ஐந்தில் நாலு பங்கு பிடிக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம் லிட்டர். அந்த ரயிலில் வந்த அதே அளவு!

நான் பேசிய தொடக்கம் இதுதான்:

“2019 ஜூலை பன்னெண்டாம் தேதி, ஜோலார்பேட்டையிலேருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்துச்சு. அம்பது வேகன், இருபத்தஞ்சு லட்சம் லிட்டர் தண்ணி. அதே மாதிரி ஒரு ரயில் ஒவ்வொரு வருஷமும் நம்ம மொட்டைமாடிக்கு வருது. நாம அதைத் தெருவுல விட்டுட்டிருக்கோம்.”

சொல்லிவிட்டு, அன்று காலை குழியிலிருந்து அள்ளிய சேறும் மக்கிய இலையும் நிறைந்த ஒரு கண்ணாடிப் பாட்டிலை மேசை மேல் வைத்தேன். “ரயில் ஏன் உள்ள வரலைன்னா, இதனாலதான்.”

பொருளைக் கொண்டுவந்து காட்டுவது நல்ல உத்தி. அந்தப் பொருள் நீங்கள் பேசும் விஷயத்தின் ஒரு துண்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 2009ல் பில் கேட்ஸ் டெட் (TED) சொற்பொழிவு மேடையில் மலேரியா பற்றிப் பேசும்போது ஒரு ஜாடியைத் திறந்து கொசுக்களை அரங்கத்துக்குள் விட்டார். நோய் பரப்பாத கொசுக்கள்தான். ஆனாலும் அரங்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் மலேரியா ஒரு நொடி தன் தோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஜாடிக்குள் வேறு எதை வைத்திருந்தாலும் அந்த விளைவு வந்திருக்காது.

கேள்வியோடு தொடங்கலாமா? தொடங்கலாம், கேட்பவருக்கு உண்மையிலேயே பதில் தெரிந்த கேள்வியாக இருந்தால். “போன மாசம் உங்க வீட்டுக்குத் தண்ணி எத்தனை நாள் வரலை?” என்றால் எல்லாரும் மனசுக்குள் எண்ணுவார்கள். “நீர் என்றால் என்ன?” என்றால் யாரும் எண்ண மாட்டார்கள். நகைச்சுவைத் துணுக்கோடு தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிரிப்பு வராவிட்டால் அடுத்த மூன்று நிமிடம் அந்த அமைதியைச் சுமந்துகொண்டுதான் பேச வேண்டும்.

படி 4: வணக்கமும் விளியும்

நம் ஊர் மேடைகளில் விளிக்காமல் பேச முடியாது. ஒருவர் பெயர் விட்டுப்போனால் மனத்தாங்கல், எல்லாப் பெயரையும் சொன்னால் ஒன்றரை நிமிடம் போய்விடும். இதற்கு நான் கண்ட வழிகள்:

வரவேற்புரை தனியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால் பெயர்கள் எல்லாம் அங்கே சொல்லப்பட்டிருக்கும். உங்களுக்கு “அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்” போதும். வரவேற்புரை இல்லையென்றால் தலைமை வகிப்பவர் ஒருவரை மட்டும் பெயர் சொல்லி விளித்து, மற்றவர்களை ஒரே தொடரில் சேர்த்துவிடுங்கள். பெயர்களைச் சீட்டில் எழுதி வைத்துப் பார்த்துச் சொல்வதில் தவறே இல்லை. பட்டத்தையோ பதவியையோ தப்பாகச் சொல்வதுதான் தவறு.

இன்னொரு வழியும் உண்டு. காட்சியை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வணக்கம் சொல்வது. “...நாம அதைத் தெருவுல விட்டுட்டிருக்கோம். எல்லாருக்கும் வணக்கம். நான் பி பிளாக், மூணாவது மாடி.” கேட்பதற்கு இயல்பாகவே இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. பேச்சுப் போட்டியிலும் பெரியவர்கள் நிறைந்த அரசு விழாவிலும் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அங்கே வணக்கம் முதலில் வந்தாக வேண்டும்.

விளி என்பதே ஒரு தொடக்கமாகிவிட முடியும் என்பதற்குத் தமிழ் மேடையைவிடப் பெரிய சான்று வேண்டாம். ‘என் ரத்தத்தின் ரத்தமான’ என்று எம்.ஜி.ஆர். தொடங்கும்போதும், ‘என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே’ என்று கலைஞர் தொடங்கும்போதும் அந்த ஒரு தொடருக்காகவே கூட்டம் காத்திருக்கும். அந்த விளி கேட்பவருக்கு ஓர் உறவைக் கொடுத்தது.

1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ உலகச் சமய மாநாட்டில் விவேகானந்தருக்கு நடந்ததும் அதுதான். அவரை அனுப்பப் பணம் திரட்டியவர்களில் முன்னின்றவர் சென்னை அளசிங்கப் பெருமாள். நவம்பர் 2 அன்று அவருக்கு எழுதிய கடிதத்தில் விவேகானந்தர் மனம் திறந்து சொல்கிறார்: நெஞ்சு படபடத்தது, நாக்கு ஏறக்குறைய உலர்ந்துவிட்டது, காலை அமர்வில் பேசத் துணியவே இல்லை. மற்றவர்கள் எல்லாரும் தயாரித்த உரையோடு வந்திருந்தார்கள், தன்னிடம் ஒன்றும் இல்லை. சரஸ்வதியை வணங்கிவிட்டு எழுந்து, ‘அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே’ என்றார். காதடைக்கும் கைதட்டல் இரண்டு நிமிடம் நீடித்தது என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். நாக்கு உலர்வது நமக்கு மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்வதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

படி 5: இவற்றை வெட்டுங்கள்

எழுதிய தொடக்கத்தை எடுத்துவைத்து, இந்த மாதிரி வரிகள் எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள்: “எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.” “எனக்கு முன் பேசியவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.” “திடீரென்று பேசச் சொல்லிவிட்டார்கள்.” “பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?” கடைசியில் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. கேட்கிறதா என்பது நியாயமான கவலைதான். ஆனால் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய் மைக்கைச் சோதித்துவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவது நம்மவர்களுக்குப் பணிவாகத் தோன்றுகிறது. கேட்பவர் காதில் அது “இனி வருவது சுமார்தான்” என்று விழுகிறது. பணிவைக் காட்ட வேறு நல்ல இடம் இருக்கிறது: நேரத்துக்குள் முடிப்பது.

படி 6: என்ன தரப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்

காட்சி முடிந்தது, வணக்கமும் முடிந்தது. இப்போது கேட்பவர் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இவர் எவ்வளவு நேரம் பேசுவார், எனக்கு என்ன கிடைக்கும்? இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுங்கள். “பன்னெண்டு நிமிஷம் பேசறேன். குழி ஏன் அடைச்சுச்சு, சரி பண்ண எவ்வளவு ஆகும், நம்ம கையாலயே எவ்வளவு செய்ய முடியும், இது மூணும்தான்.”

சொன்ன நேரத்தைக் காப்பாற்ற முடியாதென்றால் நேரத்தைச் சொல்லவே வேண்டாம். பன்னிரண்டு என்று சொல்லிப் பதினெட்டு நிமிடம் பேசினால், கடைசி ஆறு நிமிடமும் கூட்டம் கடிகாரத்தைத்தான் பார்க்கும். உங்கள் முடிவுரை விழுவது அந்த ஆறு நிமிடத்துக்குள்தான்.

படி 7: எந்தத் தமிழ்?

பலர் செந்தமிழில் தொடங்குவார்கள்: “இன்றைய காலகட்டத்தில் நீர் மேலாண்மை என்பது இன்றியமையாத ஒன்றாகத் திகழ்கிறது.” இரண்டாவது நிமிடம் மூச்சு வாங்கி, “அதாவது என்னன்னா” என்று பேச்சுத்தமிழுக்கு இறங்குவார்கள். அந்த இறக்கம் கேட்பவருக்குத் தெரிகிறது. முதலில் பேசியவர் ஒருவர், இப்போது பேசுபவர் வேறொருவர் என்பது போல ஆகிவிடுகிறது.

எந்தத் தமிழில் பேச்சு முழுவதையும் கொண்டுபோக முடியுமோ அந்தத் தமிழிலேயே தொடங்குங்கள். இலக்கியக் கூட்டத்தில் எழுத்துத் தமிழிலேயே நாற்பது நிமிடம் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அப்படியே தொடங்கட்டும். அடுக்ககக் கூட்டத்தில் அது பொருந்தாது. பேச்சுத்தமிழில் பேசப்போகிறீர்கள் என்றால், எழுதும்போதே பேச்சுத்தமிழில் எழுதுங்கள். ‘வந்தது’ என்று எழுதிவிட்டு மேடையில் ‘வந்துச்சு’ என்று மாற்றிச் சொல்ல முயன்றால் ஒவ்வொரு சொல்லிலும் மனசு தடுக்கும். மேலே நான் எழுதியிருக்கும் உரைத் துண்டுகள் ‘வர்ற’, ‘வந்துச்சு’ என்று இருப்பது அதனால்தான். தாளில் பார்க்க ஒரு மாதிரி இருக்கும், வாயில் சரியாக வரும்.

படி 8: முடிவுரையைக் கட்டுவது

நல்ல முடிவுரை தொடக்கத்துக்குத் திரும்பி வரும். அங்கே வைத்த பொருளை இங்கே எடுக்க வேண்டும். கேட்பவருக்கு ஒரு வட்டம் நிறைவான உணர்வு வரும். நீங்கள் சொல்லாமலே பேச்சு முடிந்ததென்று தெரியும்.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பாடம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை. 1863 நவம்பர் 19, போர்க்களத்தில் இறந்தவர்களுக்கான கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழா. அன்றைய முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட், அந்தக் காலத்தின் பெயர் பெற்ற சொற்பொழிவாளர். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து வந்த லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள், இரண்டு மூன்று நிமிடம். 87 ஆண்டுகளுக்கு முன் ஒரு புதிய தேசம் பிறந்ததைச் சொல்லித் தொடங்கினார். அந்தத் தேசத்துக்குச் சுதந்திரத்தின் புதிய பிறப்பு வேண்டும் என்ற இடத்துக்கு வந்து, மக்களின் அரசு, மக்களால் ஆன அரசு, மக்களுக்கான அரசு மண்ணிலிருந்து அழியாது என்று முடித்தார். முதல் வாக்கியத்தில் ஒரு பிறப்பு, கடைசி வாக்கியத்தில் இன்னொரு பிறப்பு. நடுவில் மரணம். தொடக்கமும் முடிவும் ஒன்றுக்கொன்று கை கொடுத்துக்கொள்கின்றன. மறுநாளே எவரெட் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்துக்கு நான் இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு அருகில் வந்திருந்தால் மகிழ்வேன் என்று.

நம் பேச்சுக்கு வருவோம். முடிவுரையில் மூன்று காரியம் நடக்க வேண்டும். முடியப்போகிறது என்று ஒரே ஒரு முறை அறிவிப்பது. தொடக்கக் காட்சிக்குத் திரும்புவது. கேட்க வேண்டியதைக் கேட்பது.

“முடிக்கிறேன். மறுபடியும் அக்டோபர் வருது. அந்த ரயில் நம்ம மொட்டைமாடிக்கு வரப்போகுது. ஸ்டேஷன் அடைச்சுக் கிடக்கு, அவ்வளவுதான். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு, ஒவ்வொரு பிளாக்குக்கும் ரெண்டு பேர் வாங்க.”

“இறுதியாக” என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பேசுவதும், “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்று மறுபடி தொடங்குவதும் கேட்பவரின் பொறுமையைத் தின்றுவிடும். முடிக்கிறேன் என்று சொன்ன பிறகு உங்களுக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது. அதற்குள் புதிய தகவல் எதையும் கொண்டுவராதீர்கள். விட்டுப்போனது நினைவுக்கு வந்தால், விட்டுவிடுங்கள்.

படி 9: கடைசி வாக்கியத்தின் வாலை வெட்டுங்கள்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. பேச்சாளருக்கு இது பெரிய வரம். கேட்பவர் வாக்கியம் முடியும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். அந்தக் கடைசிச் சொல்லில் எடை தானாக வந்து உட்காரும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வினைக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டிவிடுகிறோம்.

“குழிகளைத் தூர்வார வேண்டும் என்பதை இந்த நேரத்தில் உங்கள் அனைவருக்கும் பணிவன்போடு தெரிவித்துக்கொண்டு, வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்.”

இதில் காதில் தங்குவது ‘விடைபெறுகிறேன்’ மட்டும்தான். தூர்வாருவது எங்கோ நடுவில் புதைந்துவிட்டது. ‘என்று நினைக்கிறேன்’, ‘என்று கேட்டுக்கொள்கிறேன்’, ‘என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ எல்லாமே வால்கள். வெட்டிவிட்டால் ‘தூர்வாருவோம்’ என்று வாக்கியம் நிற்கும். நன்றி சொல்ல வேண்டாமா? சொல்லுங்கள், கடைசி வாக்கியம் முடிந்து, ஒரு மூச்சு விட்டு, தனியாக ஒரு சொல்: “நன்றி.”

இன்னொரு சிக்கல் குரலில் வரும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எட்டும்போது மூச்சு தீர்ந்து குரல் விழுந்துவிடுகிறது. வினையே அங்கேதான் இருக்கிறது என்பதால் நம் மொழியில் இதற்கு விலை அதிகம். ‘வாங்க’ என்ற சொல் கேட்காவிட்டால் மீதி எல்லாம் வீண். கடைசி வாக்கியத்துக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்தி, மூச்சை முழுதாக இழுத்துக்கொள்ளுங்கள். வாக்கியமும் ஒரே மூச்சுக்குள் அடங்குவதாக இருக்கட்டும்.

படி 10: கேள்வி நேரத்துக்குப் பிறகு முடியுங்கள்

முடிவுரையை அழகாகச் சொல்லிவிட்டு “கேள்விகள் இருந்தால் கேளுங்கள்” என்றால், கூட்டம் எடுத்துப் போகப்போவது கடைசிக் கேள்வியைத்தான். அது பார்க்கிங் தகராறாகவும் இருக்கலாம்.

1993ல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் ஆய்ந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை 60 விநாடி கையை 14 டிகிரி குளிர்நீரில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி, அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் நீர் மெல்ல ஒரு டிகிரி ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் மொத்தத்தையே இதமாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். கேள்வி நேரம் குளிர்நீராகவே இருந்தாலும், அதற்குப் பிறகு ஒரு நிமிடம் உங்கள் கையில் இருக்கட்டும்.

செய்ய வேண்டியது எளிது. நடுப்பகுதி முடிந்ததும், “இப்ப கேள்விகள் எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் பேசி முடிச்சுக்கறேன்” என்று சொல்லிவிடுங்கள். யாரும் கேட்காவிட்டால் அமைதி நீள விடாதீர்கள். “செலவு எவ்வளவு ஆகும்னு கீழ ஒருத்தர் என்கிட்ட கேட்டார்” என்று உண்மையிலேயே கேட்கப்பட்ட ஒரு கேள்வியை எடுத்துப் பதில் சொல்லி, முடிவுரைக்கு வந்துவிடுங்கள்.

படி 11: நேரத்தைக் குறைத்தால்

துண்டுச்சீட்டு வரும்: ‘2 நிமிடத்தில் முடிக்கவும்’. உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள். நடுப்பகுதியில் மீதியிருப்பதை அப்படியே விட்டுவிட்டு முடிவுரைக்குத் தாவுங்கள். எதை விட்டீர்கள் என்று கேட்பவருக்குத் தெரியாது, சொல்லிக்காட்டவும் வேண்டாம். முடிவுரையின் அரை நிமிட வடிவம் ஒன்றையும் முன்பே எழுதி வைத்திருங்கள். காட்சி ஒரு வரி, கோரிக்கை ஒரு வரி.

ஸ்லைடு வைத்துப் பேசுபவர்களுக்கு: ‘நன்றி’ என்று பெரிதாகப் பூப்போட்ட கடைசி ஸ்லைடை நீக்கிவிடுங்கள். கேள்வி நேரம் முழுவதும் திரையில் நிற்கப்போவது அதுதான். அங்கே ‘ஞாயிறு காலை 7 மணி, பிளாக்குக்கு 2 பேர்’ என்று இருக்கட்டும். ஜூமில் பேசுகிறீர்கள் என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் திரைப் பகிர்வை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.

படி 12: பழகுவது

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஓரிடத்தில் சொல் மறந்தால் எல்லாம் நின்றுவிடும். நடுப்பகுதிக்குக் குறிப்பு போதும். ஆனால் முதல் நான்கு வாக்கியமும் கடைசி மூன்று வாக்கியமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். படபடப்பு உச்சத்தில் இருப்பது முதல் அரை நிமிடம். அப்போது மூளை சொல்லைத் தேட வேண்டியிருக்கக் கூடாது.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியதைப் பார்த்தால், ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற பகுதி அந்த நொடியில் ஊற்றெடுத்தது போலத் தோன்றும். அவர் கையிலிருந்த உரையில் அது இல்லை என்பது உண்மை. பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார். ஆனால் அந்தக் கனவை அவர் ஏற்கெனவே பல கூட்டங்களில் பேசியிருந்தார்; அதே வருடம் ஜூன் மாதம் டெட்ராய்ட்டிலும் பேசினார். நாவில் ஊறிய பகுதியாக இருந்ததால்தான் தாளை விட்டுவிட்டு அதற்குள் போக முடிந்தது.

உட்கார்ந்து பழகாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, மைக் இருக்கும் இடத்துக்கு வந்து, நின்று, மூன்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். அந்த மூன்று எண்ணும் அமைதி மேடையில் மிகவும் முக்கியம். கூட்டம் தானாக அடங்கும், உங்கள் மூச்சும் அடங்கும். நடந்துகொண்டே பேசத் தொடங்கினால் முதல் வாக்கியம் காற்றில் போய்விடும். கைபேசியில் பதிவு செய்து, கடைசி அரை நிமிடத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள். கடைசிச் சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். எனக்கு மூன்று நாள் கேட்கவில்லை, நான்காம் நாள்தான் கேட்டது.

அன்று மேடையில், கடைசிச் சொல் முடிந்ததும் நகராதீர்கள். பேசிக்கொண்டே தாள்களை அடுக்குவதும், ‘வாங்க’ என்று சொல்லும்போதே இருக்கையைப் பார்த்துத் திரும்புவதும் வேண்டாம். இரண்டு விநாடி கூட்டத்தைப் பார்த்தபடி நின்று, நன்றி சொல்லி, மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். பெயர் எழுதும் தாளை நான்கு பிளாக்குக்கும் நான்காகப் பிரித்து முன்வரிசையில் கொடுத்துவிடுங்கள். நான் ஒவ்வொரு தாளிலும் முதல் வரியில் ஒரு பெயரை முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தேன், ஏனென்றால் வெற்றுத் தாளில் முதல் ஆளாக எழுத எல்லாரும் தயங்குவார்கள். பேனாவையும் தாளோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.